மளிகைக்கடைக்காரர் வேடத்துக்கும் எங்களைக் கூப்பிடுங்கள்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும், நடிகர்களைத் தேர்வு செய்பவர்களுக்கும் வணக்கம்.

நான் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரன். ஆற்காட்டுக்குப் பக்கத்துக் கிராமம். சிறுவயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. காலிப்பர் என்கிற காலைத் தாங்கும் கருவியைப் போட்டு, ஊன்றுகோலோடு நடக்கிறேன். நடிப்பே தொழிலாக வேண்டும் என்று வாலாஜா ரோட்டில் ரயிலேறிச் சென்னைக்கு வந்துபோகிறவன்.

எங்கள் பக்கம் பாரதக்கூத்தில், கதையை நடத்திச் சொல்லிச் சிரிக்கவும் வைக்கிற கட்டியக்காரன் வேடம் கட்டுகிறேன். விடிய விடிய நடக்கிற கூத்து. குதித்து ஆடுகிற அடவு எனக்கு வராது. வாத்தியார் அதற்காக என்னை ஒதுக்கவில்லை. நான் ஊன்றுகோலைத் தட்டுகிற சத்தத்தையே மிருதங்கத்தோடு சேர்த்துத் தாளமாக்கிக் கொடுத்தார். நான் அரங்கைச் சுற்றி வந்து பேச ஆரம்பித்தால், தூங்கி வழிகிற பெரியவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

உங்கள் ஊரில் நடந்ததையும் சொல்கிறேன். 'மளிகைக்கடைக்காரர், நாற்பது வயது, வட ஆர்க்காட்டுப் பேச்சு வேண்டும்' என்று ஒரு பட நிறுவனம் அறிவித்திருந்தது. தேர்வு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லை. காலிப்பரின் முட்டியைப் பூட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை மேல்படியில் வைத்து மற்றதை இழுத்து இழுத்து ஏறினேன். சட்டை நனைந்துவிட்டது. வசனத் தாளையே கையில் கொடுக்கவில்லை. "உங்களுக்கு ஏத்த கேரக்டர் வந்தா கூப்பிடறோம்ணே" என்று அனுப்பிவிட்டார்கள். கல்லாவில் உட்கார்ந்து பேசுகிற வேடம் அது!

எனக்கு ஏற்றது என்று நீங்கள் நினைப்பது எது? பிச்சைக்காரர், கதாநாயகியின் பரிதாபமான அண்ணன், இல்லையென்றால் கடைசிக் காட்சியில் உலகத்தையே ஜெயிக்கிறவர். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாகவும் காட்டக்கூடாது, அசகாயசூரர்களாகவும் காட்டக்கூடாது. கலைப் படிப்புகளை நாங்களும் சேரும்படி மாற்றியமைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவே சொல்கிறது. நடிப்புப் பயிற்சி நடத்துபவர்கள் அதைத் தயவுசெய்து படித்துப் பார்க்க வேண்டும்.

விபத்தில் ஒரு காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், 1985இல் தெலுங்குப் படம் 'மயூரி'யில் தன் கதையில் தானே நடித்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பின்னால் நடந்தது. சின்னத்திரையில் அவர் மாமியாராகவும் வில்லியாகவும் மிரட்டினாரே, அந்தக் கதைகளுக்கும் அவர் காலுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆபரேஷன் தியேட்டரில் முடிந்தது படப்பிடிப்புத் தளத்தில் முடியாதா?

தேர்வைத் தரைத்தளத்தில் வையுங்கள். முடியாவிட்டால் எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முதல் சுற்றுக்கு ஃபோனில் எடுத்த வீடியோ போதும் என்று வையுங்கள். வெளியூர்க்காரர்கள் எல்லாருக்குமே அது உதவும். வக்கீல், தாசில்தார், போஸ்ட் மாஸ்டர், வட்டிக்கடைக்காரர் என்று உங்கள் கதைகளில் வருகிற வேடங்களுக்கு எங்களையும் கூப்பிடுங்கள். நடிப்பு சரியில்லை என்றால் தாராளமாக வேண்டாம் என்று சொல்லுங்கள். வசனத்தைப் பேசவிட்டு, அப்புறம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆற்காட்டுப் பக்கத்து நடிகன்