பனி பார்க்க ராத்திரியில் மலையேறும் பைக் குழுக்களுக்கு, குன்னூரிலிருந்து ஒரு மெக்கானிக் எழுதுவது

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து உறைபனி பார்க்க நீலகிரிக்கு வரும் பைக் குழுக்களின் அட்மின்களுக்கும், அவர்களை நம்பிக் கூடவே வரும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் குன்னூரில் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்தால் உங்கள் போஸ்டர்கள் என் போனுக்கும் வந்துவிடும். படம் மாறும், நேரம் மாறாது: இரவு 1 மணிக்குக் கிளம்புகிறோம், 5.30-க்குத் தலைகுந்தா (ஊட்டியை ஒட்டிய புல்வெளி), பனி பார்த்துவிட்டு மதியம் 3 மணிக்கு வீடு. அந்த நேரத்தை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல். வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் வந்தால் எனக்கும் வியாபாரம்தான்.

போன ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை நாலரை மணி இருக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து வண்டிகள் வந்து நின்றன. அதில் ஒரு தம்பி இறங்கி, டீ கிளாஸைக் கையில் வாங்கி, ஹெல்மெட்டோடு அப்படியே நின்றான். குடிக்கவில்லை. என்னவென்று பார்த்தால், தாடைக்குக் கீழே இருக்கும் கொக்கியை அமுக்க விரலில் தெம்பில்லை. கொக்கி எங்கே இருக்கிறது என்பதே விரலுக்குத் தெரியவில்லை என்றான். நான்தான் கழற்றி விட்டேன். போட்டிருந்தது டீ-ஷர்ட்டும் மேலே ஒரு ரெயின்கோட்டும். கையுறை, பாதி விரல் தெரிகிற ஜிம் கையுறை. அந்த விரலால்தான் அடிவாரத்துக் கல்லாரிலிருந்து அத்தனை வளைவிலும் பிரேக் பிடித்து வந்திருக்கிறான்.

இதற்குக் கணக்கு ஒன்றும் பெரிதில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக 6 டிகிரி குறையும். ஆக, அடிவாரத்தில் வண்டியில் ஏறியதைவிட மேலே போகும்போது 11, 12 டிகிரி குறைச்சல். அதுபோகக் காற்று. வெளியே 5 டிகிரி இருக்கும்போது 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்று படுகிற தோலுக்கு அது மைனஸ் 1 டிகிரி மாதிரி. ஜாக்கெட் வாங்கக் காசில்லையென்றால் பழைய செய்தித்தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் காலையில் எஸ்டேட் வேலைக்குப் போனார்கள். கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு வராதீர்கள், மாவட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது.

சரி, அந்தத் தம்பி டீ குடித்தான், கையை அடுப்பில் காட்டினான், எல்லோரும் ஊட்டிக்குக் கிளம்பிப் போனார்கள். தலைகுந்தாவில் வெள்ளையாகக் கிடந்த புல்லில் நின்று எடுத்த படத்தைப் பிறகு எனக்கும் காட்டினான், அழகான படம்தான். பனியில் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மதியம் ஒரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. குன்னூருக்கும் கல்லாருக்கும் நடுவே, பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். பிக்அப் எடுத்துக்கொண்டு போனேன். அதே தம்பி. பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து வடிகாலில் வண்டியை விட்டிருக்கிறான், புத்திசாலி. காறை எலும்பு முறிந்திருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு முழங்கால் சிராய்ப்பு. நான் போய்ச் சேர்ந்தபோதும் பின் சக்கர டிரம்மில் கை வைக்க முடியவில்லை, பிரேக் ஷூ கருகின வாசம் அப்படியே நின்றது. முன் பிரேக்கை அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. "இப்ப நல்லா பிடிக்குதேண்ணா, அப்ப மட்டும் லிவர் கைப்பிடி வரைக்கும் வந்துடுச்சு" என்று கூட வந்தவன் சத்தியம் செய்தான். அவன் சொன்னது உண்மைதான். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தால் முன் பிரேக் ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. வண்டி வாங்கி மூன்று வருஷம், ஒருமுறைகூட மாற்றவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டிகளில் ஊற்றும் டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியாவது போனால்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அமுக்கினால் அது சுருங்கும், டிஸ்க்கைப் பிடிக்கிற பேடைத் தள்ளாது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், லிவரும் பழையபடி நிற்கும். அதனால்தான் ஆறிய பிறகு பார்க்கிறவர்கள், "பிரேக்கில் தப்பில்லை, பையன்தான் வேகமாக வந்திருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இறக்கத்தில் பிரேக்குக்கு எவ்வளவு சூடு போகிறது என்று பாலிடெக்னிக் படிக்கும் என் மகள் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினாள். வண்டியும் இரண்டு ஆளுமாக 270 கிலோ. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1,900 மீட்டர் இறக்கம். அதில் வருகிற சூடு கிட்டத்தட்ட 1.4 யூனிட் கரண்டுக்குச் சமம். வீட்டில் இருக்கிற 1,500 வாட் கெய்சரை ஒரு மணி நேரம் போட்டு வைத்த மாதிரி. காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை யார் வாங்குவது, இன்ஜினா பிரேக்கா என்பது உங்கள் இடது காலில் இருக்கிறது. இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். இவர்கள் பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து நியூட்ரலில் வந்திருக்கிறார்கள். ஸ்கூட்டரில் வருகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அதில் போடுவதற்குக் கியரே கிடையாது, ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் பெரிதாகப் பிடித்து நிறுத்தாது. ஸ்கூட்டரென்றால் பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும்.

ஆனால் கியரும் ஆயிலும் தெரியாததால்தான் அவன் விழுந்தான் என்று நான் நினைக்கவில்லை. மலை ரோடு முழுக்க 'தாழ்ந்த கியரில் செல்லவும்' என்று போர்டு இருக்கிறது. அவனும் படித்திருப்பான். ராத்திரி முழுக்கத் தூங்காதவன், குளிரில் நாலு மணி நேரம் உடம்பை இறுக்கிப் பிடித்திருந்தவன், வெயில் ஏறி உடம்பு தளர்ந்ததும் கண் சொக்க இறங்கியிருக்கிறான். "கடைசி நாலு வளைவு எனக்கு ஞாபகமே இல்லண்ணா" என்று பிக்அப்பில் வரும்போது சொன்னான். என்னிடம் வரும் டிசம்பர், ஜனவரி வண்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான்: மதிய வெயிலில், இறக்கத்தில், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் விழுந்தவை. உங்கள் போஸ்டரில் அந்த அவசரத்தை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ராத்திரி ரோட்டைப் பற்றியும் கொஞ்சம். கல்லாரிலிருந்து பர்லியார் வரை யானை நடமாட்டம் உண்டு, அதற்கு மேலே காட்டுமாடு. கறுப்பு உடம்பு, வளைவு தாண்டி நின்றால் ஹெட்லைட்டில் கண் மட்டும்தான் மின்னும். ஊட்டிப் பக்கம் கேரட்டைக் கழுவி ஈரத்தோடு லோடு ஏற்றி இறங்கும் வண்டிகள் ரோட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். வெயில் படாத வளைவுகளில் பாறைக்கசிவு, பாசி, யூகலிப்டஸ் இலை. உள்ளூர்க்காரனான நானே விடியுமுன் அவசரமில்லாமல் அந்தப் பக்கம் வண்டி எடுப்பதில்லை.

பனியைப் பற்றி ஒரு விஷயம், இது உங்களுக்கு உதவும். உச்சிக்குப் போனால்தான் பனி என்று நினைத்து இருட்டில் தொட்டபெட்டாவுக்குப் போகப் பார்க்கிறீர்கள். மேகமில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்து, பள்ளத்தில் போய்த் தங்கும். அதனால் உறைபனி நன்றாக விழுவது தாழ்வான புல்வெளிகளில்தான்: தலைகுந்தா, காந்தள், ஊட்டி நகரத்துக்குள்ளேயே பழைய குதிரைப் பந்தய மைதானம். ஊட்டியில் ராத்திரி தங்கினால் ஆறு மணிக்கு நடந்தே போய்ப் பார்க்கலாம். மப்பாக இருந்தால் பனி விழாது. முதல்நாள் சாயங்காலம் வானத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த யோசனையே இல்லாமல் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்து, வெறும் ஈரப் புல்லைப் பார்த்துவிட்டுப் போன குழுக்களும் உண்டு.

பார்க்கும்போது வண்டியைப் புல்லில் ஏற்றாதீர்கள். தேயிலை, காய்கறித் தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். உங்களுக்கு வெள்ளையாக அழகாகத் தெரிகிற அதே பனியில்தான் கொழுந்து கருகிவிடுமோ என்று ஆட்கள் செடிமேல் தழை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ரீல்ஸுக்காக அதை விலக்கிப் பார்த்தவர்களைப் பற்றி இங்கே எழுதினால் மடல் கெட்ட வார்த்தையில் முடியும்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி வழி கேட்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்து இறக்கம். வெளியூர் வண்டியை அந்த வழியாக இறங்க விடாமல் தலைகுந்தாவில் திருப்பி அனுப்புவார்கள். அங்கே நிற்கும் போலீஸ்காரரிடம் சண்டை போடாதீர்கள்.

அட்மின்களே, அடுத்த போஸ்டரில் இப்படிப் போடுங்கள்: சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்புகிறோம், ராத்திரி ஊட்டியில் தங்கல், ஞாயிறு காலை பனிக்கு நடை, ரோட்டில் வெயில் விழுந்தபின் ஒன்பதரைக்கு இறக்கம். ரூமை நாலு பேர் பங்கிட்டால் தலைக்கு ஆகிற செலவு, நான் பர்லியாருக்குப் பிக்அப் எடுத்து வருகிற கூலியைவிடக் குறைவு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் ஊர் மெக்கானிக்கிடமே பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்து பேட்டரியைக் காலி பண்ணாதீர்கள். பழைய வண்டியென்றால் சோக் போட்டு உதையுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் இறக்கத்தில் உருட்டிக்கொண்டு குன்னூருக்கு வந்துவிடாதீர்கள், போன் பண்ணுங்கள். கடை எட்டரைக்குத் திறக்கும்.