ஐந்து ஊசிகளையும் போட்டுக்கொள், கதிர்

அன்புள்ள மகன் கதிரவனுக்கு,

அம்மா எழுதுவது. தென் சூடானில் உன் முகாம் சமையற்கூடத்தருகே சுற்றும் நாய்க்குட்டி உன் புறங்கையில் பல் பதித்து இரண்டு நாள் கழித்து, நான் தொலைபேசியில் பிடிவாதம் பிடித்த பிறகே நீ படை மருத்துவரிடம் சென்று ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய்க்கான முதல் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டாய். குட்டிக்குச் சோறு வைத்தது தெரிந்தால் அதிகாரி கடிந்துகொள்வார் என்று தயங்கினாயாம். அந்தத் தயக்கம்தான் எனக்கு அச்சம் தருகிறது.

2011 ஜனவரியில் ஆப்கானிஸ்தானில் நாய் கடித்த அமெரிக்க வீரர் ஒருவர் முறையான சிகிச்சையை முழுமையாகப் பெறவில்லை. ஊர் திரும்பிய பின் ஆகஸ்டில் தோளும் கையும் வலித்தன. உணவு விழுங்க முடியவில்லை. அந்த மாதம் 31ஆம் தேதி ரேபிஸால் இறந்துபோனார். அவருக்கு வயது 24, உன்னைவிட இரண்டு வயது இளையவர். கிருமி நரம்பின் வழியே மெல்ல ஏறி மூளையை அடைவதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும், சில வேளை ஓராண்டுக்கும் மேலாகும் என்பதால், காயம் ஆறிவிட்டது என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியராக இருந்தபோது, கெண்டைக்காலில் சுண்ணாம்பும் காபித்தூளும் அப்பிய நிலையில் ஒரு சிறுவனைத் தூக்கி வந்தார்கள். குழாயடியில் உட்கார வைத்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாகப் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினேன். வெண்மையும் பழுப்புமாக அது கரைந்தோடிய பிறகுதான் நான்கு பற்குழிகள் தெரிந்தன. அவன் இன்று லாரி ஓட்டுகிறான். நீயோ காயத்தைத் தண்ணீரில் அலசியதோடு விட்டுவிட்டாய்.

இரத்தம் கசிந்த காயம் என்பதால் ஊசி மட்டும் போதாது. முன்பே தடுப்பூசி போடாதவர்களுக்குக் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்னும், கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புமருந்தைச் செலுத்த வேண்டும். முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் அதைக் கொடுக்கலாம். உனக்குக் கொடுத்தார்களா என்று மருத்துவரிடம் இன்றே கேள். முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால், மீதி ஊசிகள் 3, 7, 14, 28ஆம் நாட்களில் வரும். ரோந்துக்கு அனுப்பினால், தேதியைச் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள். முகாமில் குட்டியோடு விளையாடிய மற்றவர்களையும் கையோடு அழைத்துச் செல்.

ஊசி போடும் ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு வரி எழுது. நாட்காட்டியில் நான்கு தேதிகளையும் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா