மலையகப் பிள்ளைகள் சென்னையை விட்டு ஒடிசாவைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைக்காட்சி அறிவிப்பாளராக வர விரும்பும் இலங்கை மலையக இளைஞர்களுக்கு உங்கள் ஞாயிறு இதழ் சென்னையை முன்மாதிரியாகக் காட்டியிருந்தது. அங்கே ஒரு பாட்டுப் போட்டியைத் தொகுத்து வழங்கியே ஒருவர் நிமிர்ந்துவிடலாம். இங்கே தமிழ் அலைவரிசைகளே சில. அவற்றில் நிரந்தர இடம் அதிலும் சில. நமக்குப் பொருந்தும் பாடம் இந்தியாவின் ஒடிசா மாநிலத்து ஒடியா மொழிக் கலைஞர்களிடம்தான் இருக்கிறது.

இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் ஒடியாவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் மூன்றே முக்கால் கோடிப் பேர். நாமோ இலங்கையின் 2012 கணக்கெடுப்பின்படி 8 இலட்சத்து 40 ஆயிரம் அளவில். ஆனாலும் அவர்களுக்கு ஒரு பக்கம் வங்காளம், மறுபக்கம் தெலுங்கு, தலைக்கு மேல் ஹிந்தி. முதல் ஒடியாப் படமான ‘சீதா பிபாஹ’ 1936இல் வந்தது. இரண்டாவது படம் 1949இல். நடுவில் பதின்மூன்று வருடம் சினிமாவை நம்பி எவர் வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்காது. நாடகமும், ஊர் ஊராகப் போய் ஆடும் ஜாத்ரா என்ற மேடைக்கூத்தும் இருந்தன; 1948இல் கட்டாக் வானொலி வந்ததும் குரலுக்கும் வேலை கிடைத்தது. ஒரே ஆள் நாலு வேலை பார்ப்பது அங்கே அப்படித்தான் ஊறிப்போனது.

நடிகர் பிஜய் மொஹந்தி டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர். திரையில் பெரிய பெயர் எடுத்த பிறகும் புவனேஸ்வரத்து உத்கல் சங்கீத மகாவித்யாலயத்தில் நாடகம் கற்பித்தார். 1977இல் ‘அபிமான்’ படத்தில் அறிமுகமாகி, 2025 பெப்ரவரியில் மறையும்வரை ஒடியாத் திரையின் முகமாக இருந்த உத்தம் மொஹந்தி வங்காளப் படங்களிலும் நடித்தார். சித்தாந்த மஹாபாத்ர கதாநாயகனாக இருந்து 2009இலும் 2014இலும் பெர்ஹாம்பூர் எம்.பி. ஆனார். (இதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. 1975இல் ‘புதிய காற்று’ படத்தில் நடித்த வி.பி.கணேசன் தொழிற்சங்கத் தலைவர்தானே!)

1997இல் ஓடிவி, 2008இல் தரங் என்று தனியார் அலைவரிசைகள் வந்தபின் இந்த வரிசையில் அறிவிப்பாளர் வேலையும் சேர்ந்தது. ஆனி மாதத்தை ஒட்டி வரும் ரஜ பண்டிகையும் துர்கா பூஜையும் படம் வெளியாகும் காலம், தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சிக்கும் அதுதான் காலம். தசரா வந்து மழை ஓய்ந்ததும் ஜாத்ராக் குழுக்கள் ஊர் ஊராகக் கிளம்பும். தொலைக்காட்சியில் பழகிய முகம் என்றால் ஜாத்ரா சுவரொட்டியில் பெரிதாக இடம் கிடைக்கும். அறிவிப்பு வேலை முகத்தைப் பழக்குகிறது, மேடை சோறு போடுகிறது.

நம் பக்கம் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு இருக்கின்றன. தோட்டத் திருவிழா மேடை இருக்கிறது. ஆனால் கூத்தாடும் பிள்ளையை அறிவிப்பாளர் வகுப்புக்கு அனுப்பினால், அங்கே கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் “நேயர்களே!” என்று இழுத்துக் குழைவதைத்தான். தொழில் அதுவல்ல.

ஒரு போட்டி நிகழ்ச்சியை எடுப்போம். ஒரே நாளில் இரண்டு மூன்று வாரத்து நிகழ்ச்சிகளை ஒளிப்பதிவு செய்வார்கள். அரங்க வாடகையும் விளக்குச் செலவும் அப்போதுதான் கட்டுப்படியாகும். காலையில் வெளியேறிய போட்டியாளரைப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு “கடந்த வாரம் விடைபெற்றவர்” என்று சொல்ல வேண்டும். உடுப்பை மாற்றியவர் மனதில் வாரத்தை மாற்ற மறந்தால், பிழை தொகுப்பறையில்தான் தெரியும். அப்போது அரங்கைக் கழற்றியிருப்பார்கள். அதனால் கையிலுள்ள அட்டையின் மேல் மூலையில் நிகழ்ச்சி இலக்கத்தையும் மிஞ்சியிருக்கும் போட்டியாளர் பெயர்களையும் எழுதி வைப்பது வழக்கம். செய்தி வாசிப்பைப் போல் நிமிடத்துக்கு நூறு சொல் அளவு என்று வைத்துக்கொண்டால், இருபது விநாடி இணைப்புரைக்கு முப்பத்து மூன்று சொல். நாற்பது எழுதிக்கொண்டு போகிறவர்தான் கடைசியில் மூச்சு வாங்குகிறார்.

காதுக்குள் தயாரிப்பாளர் பத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டிருக்கும்போதே வாய் தடுமாறாமல் பேச வேண்டும். இதற்குக் காசு செலவில்லாத பயிற்சி உண்டு. ஒரு காதில் வானொலிச் செய்தி ஓடட்டும். கையில் பத்திரிகையை வைத்துச் சத்தமாக வாசிக்கட்டும். முதல் சில நாள் வானொலிச் சொல் வாசிப்புக்குள் புகுந்துவிடும். பிறகு நின்றுவிடும்.

உடுப்பில் குத்தும் சிறு மைக்கைப் பற்றி எந்த வகுப்பும் வாய் திறப்பதில்லை. மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் அது இருக்க வேண்டும். கழுத்தோடு ஒட்டிக் குத்தினால் மோவாய் மறைத்துக் குரல் மங்கும். தாலிக்கொடியோ அட்டிகையோ தட்டினால் ‘டக் டக்’ என்று விழும் சத்தத்தைப் பின்னால் எளிதில் அகற்ற முடியாது. அதே நொடியில் பேச்சும் இருக்கிறதே. மொடமொடப்பான புதுப்பட்டும் இதே தொல்லை. வயரை ஒரு சிறு வளையமாக மடித்து உடுப்பின் உட்புறம் ஒட்டினால் கை வீசும்போது மைக் இழுபடாது. இருவர் சேர்ந்து வழங்கினால், மற்றவர் நிற்கும் பக்கத்துத் தோளை நோக்கி மைக்கைச் சற்றுத் தள்ளிக் குத்த வேண்டும். திரும்பிப் பேசும்போது குரல் அந்தப் பக்கம்தானே போகிறது!

தெரிவுக்கு இப்போது காணொளிதான் கேட்கிறார்கள். நமது பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். கையடக்கத் தொலைபேசியைப் படுக்கையாக வைத்து, விநாடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்), ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று அமைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வேறு கணக்கில் எடுத்தால் சில குமிழ்களின் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடும். குமிழே வேண்டாம், மூடுபனி இறங்குமுன் காலை வெளிச்சத்தில் வாசலைப் பார்த்து நிற்பது எல்லாவற்றிலும் நல்லது. திரையில் தெரியும் தன் முகத்தைப் பார்த்துப் பேசினால் பார்வை விலகும். லென்ஸ் இருக்கும் மூலையைப் பார்க்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் தகரக் கூரையில் மழை விழும்போது பதிவே வேண்டாம். வெறும் சுவர் எதிரொலிக்கும். இரண்டு சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டால் அடங்கும். இன்னொரு தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக் குரலைத் தனியாகப் பதியலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், பிறகு படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டலில் பொருத்திக்கொள்ளலாம்.

கூத்துப் பழகிய பிள்ளைக்கு வேறொரு சிக்கல். தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டும் பிரட்டுக் களம் முழுக்கக் கேட்கப் பழகிய குரல் மைக்கில் வெடிக்கும். உடனே “மெதுவாகப் பேசு” என்கிறார்கள். குரலோடு உயிரும் போய்விடுகிறது. மைக்கை இன்னும் நாலு விரல் இறக்கி, ஒலிப்பதிவாளரிடம் அளவைக் குறைக்கச் சொன்னாலே போதும். ஜாத்ரா மேடையிலிருந்து கெமரா முன் வருகிறவர்களுக்கும் உள்ள சங்கடம்தான் இது. ழகரமும் ளகரமும் பிசகாமல் வருவதற்கு கூத்துப் பாட்டைப் போல் பயிற்சி இல்லை. அதை மறக்கச் சொல்லும் ஆசிரியரை நம்ப வேண்டாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அறிவிப்பாளர் தெரிவு அறிவித்தல்களை வெளியிடும்போது, முடிவுத் திகதியோடு காணொளி எத்தனை விநாடி, கோப்பு எந்த அளவு, எந்த மொழிநடை என்பதையும் நிறுவனத்திடம் கேட்டுப் போடுங்கள். முடிவுத் திகதிக்குக் குறைந்தது பத்து நாள் முன்னராவது அது வரட்டும். மேற்பிரிவுத் தோட்டங்களுக்குப் பத்திரிகை பகல் பஸ்ஸில்தான் ஏறி வருகிறது. தொலைபேசிச் சமிக்ஞை நன்றாகக் கிடைக்கும் இடத்தைத் தேடி மலையேறிக் காணொளியை அனுப்பவும் பிள்ளைக்கு ஒரு நாள் வேண்டும்.

இப்படிக்கு,
மேடை, ஒலிப்பதிவுப் பயிற்சியாளர்கள்,
ஹட்டன்.