கூட்டத்தில் அக்காவுக்கும் ஒரு பாய் போடுங்கள்

மதிப்புக்குரிய ஊர்த்தலைவர் அவர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும், மண்டபம் முதல் பாம்பன் வரை உள்ள கரையோர ஊர்களின் பங்குப்பேரவை, ஜமாஅத், கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் சிலர் கல்லூரியில் என்னிடம் விலங்கியல் படித்தவர்கள். சிலரை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன். எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. இத்தனை வருடமும் ஊர் விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தவன் இப்போது எழுதக் காரணம் என் அக்கா.

போன மாதம் ஒரு சாயங்காலம் மைக்கில் அறிவிப்பு வந்தது. வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கத்துக் கரையில் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை கடல்பாசி வளர்க்கும் மிதவை போட ஒரு வியாபாரிக்கு விட்டிருப்பதாகவும், அந்தப் பக்கம் யாரும் வத்தை என்கிற சிறு படகை இறக்கக் கூடாது, பாசி காயப்போடக் கூடாது என்றும் சொன்னார்கள். என் வீட்டுத் திண்ணையில் அக்கா பொடிமீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, "எங்ககிட்ட யாரு கேட்டா?" என்றாள். அப்புறம் குனிந்து மீனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவளும் என்னிடம் பதிலை எதிர்பார்க்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன ராத்திரியில் எங்கள் அப்பாவின் வள்ளமும் உடைந்தது. அதற்குப் பிறகு அவர் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். மனது ஒடிந்த மனிதருக்கு உடம்பு தாங்கவில்லை, இரண்டே வருடத்தில் போய்ச் சேர்ந்தார். 1966 வாக்கில்தான் இந்தக் கரையில் பாசி வியாபாரம் பெரிதாகத் தொடங்கியது. அம்மா பாசிக்கு இறங்கினார். அக்கா ஐந்தாம் வகுப்போடு எப்போதோ நின்றிருந்தாள், அவளும் கூடப் போனாள். நான் படித்தேன்.

அவர்கள் கடலுக்குக் கிளம்புவதை நான் பார்த்திருக்கிறேன். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை. காலில் டயரில் வெட்டிய செருப்பு. இடுப்பில் வலைப்பை. வத்தையில் ஏறும் முன் பத்து விரலுக்கும் கிழிந்த வேட்டித் துண்டைச் சுற்றிப் பல்லால் கடித்து முடிச்சுப் போடுவார்கள். மரிக்கொழுந்துப் பாசி பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வளரும். மூச்சை அடக்கி முங்கி, விரலால் தடவித் தடவித்தான் பறிக்க வேண்டும். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி விரலைக் கிழிக்கும். அம்மா ராத்திரி சோறு பிசையும்போது உப்பும் புளியும் வெட்டுக்காயத்தில் பட்டு முகம் சுளிப்பார். நான் பார்த்தால் உடனே சிரித்துவிடுவார்.

எம்.எஸ்ஸி. படித்தபோது ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகப் பாக்டீரியா வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். வட்டக் கண்ணாடித் தட்டில் தெளிவான கூழ் ஒன்று உறைந்திருந்தது. "இதுதான் அகர், கடல்பாசியிலிருந்து எடுப்பது" என்றார் ஆசிரியர். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போவது எனக்குத் தெரியும். அங்கே போய் என்ன ஆகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அகரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்ததே ஒரு பெண்தான். ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் வால்தர் ஹெஸ்ஸ. கிருமி வளர்க்கப் போட்ட ஜெலட்டின் கோடை வெயிலில் உருகி அவருடைய சோதனைகள் கெட்டுக்கொண்டிருந்தன. சமையலில் அகர் போட்டுப் பழகியிருந்த அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸ, 1881-இல், அதைப் போட்டுப் பாருங்கள் என்றார். மறு வருடம் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் எழுதிய கட்டுரையில் அகர் இருக்கிறது, அந்த அம்மாவின் பெயர் இல்லை. வருடாவருடம் மாணவர்களுக்கு இதைச் சொல்லி, இது அநியாயம் என்று வகுப்பில் பேசியிருக்கிறேன். அதே அநியாயத்தை என் வீட்டில் நான் செய்தேன்.

தொண்ணூறுகளில் நடந்தது அது. பாசி காயப்போடும் மணல் மேட்டில் ஊருக்கு ஒரு மண்டபம் கட்டுவது என்று பேச்சு வந்தது. படித்தவன் என்று என்னையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். கிளம்பும்போது அம்மா வாசலில் வந்து நின்று, "ஏய்யா, நானும் வந்து ஒரு வார்த்த சொல்லட்டா?" என்று கேட்டார். "நீங்க பேசாம வீட்டுல இருங்கம்மா, நான் சொல்லிக்கிறேன்" என்றேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இடத்தில் கீழே இருந்து தண்ணீர் ஊறும் என்பதைத்தான் அவர் சொல்ல நினைத்தார். முப்பது வருடம் அந்த மணலில் பாசி காயவைத்தவருக்கு அது தெரியும். கூட்டத்தில் கணக்கு வழக்கு, வரி என்று பேச்சு எங்கேயோ போனது. நான் சொல்லவில்லை, மறந்துவிட்டேன். இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த மண்டபத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கே பெஞ்சு மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்தீர்கள். அம்மா கடைசி வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தலைக்கட்டுக்கு ஒரு வரி, வரி கட்டும் ஆணுக்கு ஒரு பேச்சு என்பது ஊர் வழக்கம். புருஷன் போன வீட்டுக்கு வரி தள்ளுபடி. இரக்கத்தோடு செய்த ஏற்பாடுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வரியைத் தள்ளியபோது அவர்கள் பேச்சையும் சேர்த்தல்லவா தள்ளிவிட்டோம்? அரசாங்க ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஊராட்சி மன்றத்தில் நாற்காலியில் உட்காரும் அதே பெண், நம் ஊர்க்கூட்டம் நடக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் நின்று காது கொடுக்கிறாள்.

நான் விசுவாசி. உயிரினங்கள் எப்படித் தோன்றின என்று வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தியவன், ஞாயிற்றுக்கிழமை பூசையையும் விட்டதில்லை. இரண்டும் எனக்குள் சண்டை போட்டதில்லை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நம் கோவிலில் வாசிக்கிறோம்: விடியற்காலையில் கல்லறைக்குப் போனது பெண்கள். வெறும் கல்லறையைப் பார்த்ததும், ஓடிவந்து சொன்னதும் அவர்கள். சீடர்கள் அதைப் பிதற்றல் என்று நினைத்து நம்பவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நம் மதத்தின் முதல் நற்செய்தியே ஆண்கள் கூடியிருந்த அறைக்குள் ஒரு பெண் வந்து சொன்னது. அந்த அறையின் கதவைச் சாத்தியிருந்தால் நமக்கு ஈஸ்டர் ஏது? அம்மா வத்தையில் சிலுவை போட்டுக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காளியம்மாள் பக்தை கடல் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார். எனக்குக் காய்ச்சல் என்று இருவரும் சேர்ந்து ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போனதும் உண்டு. ராமேஸ்வரத்து லிங்கம் சீதை மணலில் பிடித்தது என்று கோயில்காரர்கள் சொல்கிறீர்கள். நபிகளை முதலில் நம்பியவர் வியாபாரம் செய்த கதீஜா அம்மையார் என்று ஜமாஅத்தார் சொல்கிறீர்கள். இந்தக் கரையில் எந்தச் சாமியும் பெண்ணை வெளியே நிறுத்தவில்லை.

பெண்கள் வந்தால் கூட்டம் சந்தைக்கடையாகிவிடும், ஒரு முடிவும் எடுக்க முடியாது என்று ஒரு தம்பி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தம்பி, மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால்தான் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தையொட்டி நாற்பத்தைந்து நாள் கடலுக்கே போகாமல் இருப்பது என்று இந்தக் கரையின் பாசிப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். அதற்கு முன்நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கொடுத்தார்கள். ஆழத்துக்குப் போகும் படகுகளை வைத்திருக்கும் நாம் இதுவரை அப்படி ஒரு கட்டுப்பாட்டை நமக்கு நாமே போட்டுக்கொண்டோமா?

மிதவை விஷயத்துக்கு வருகிறேன். நான் எதிர்ப்பாளன் அல்ல. பெப்சிப் பாசி என்று நாம் சொல்லும் கப்பாபைகஸை மிதவையில் வளர்த்து எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன, அதில் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் அது வெளியிலிருந்து வந்த பாசி. குருசடைத் தீவில் உயிருள்ள பவளப்பாறை மேல் படர்ந்து மூடியதை 2008-இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பவளம் செத்தால் மீன் குஞ்சு தங்க இடம் இல்லை. அக்காவுக்கு இந்தக் கட்டுரை எதுவும் தெரியாது. அவள் சொன்னது வேறு: "வாட அடிச்சா வடகடல்ல மிதவ நிக்காது. கயிறு அத்துக்கிட்டு துண்டு துண்டா எங்கிட்டாவது போயி ஒட்டும்." அறுந்த துண்டு போய் ஒட்டி வளர்வதுதான் அந்தப் பாசியின் குணம். என் பாடப்புத்தகத்தில் இருந்ததை, பள்ளிக்கூடத்தை ஐந்தில் விட்டவள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாள். மிதவையை எங்கே போடலாம், எந்த மாதம் அவிழ்க்க வேண்டும், வத்தை இறக்க எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவளிடமும் அவள் கூட்டாளிகளிடமும் கேட்டிருந்தால் வியாபாரிக்கே நல்லதாகப் போயிருக்கும்.

ஆகவே, வடகடல் கரை பற்றிய முடிவை நிறுத்தி வைத்து, பாசிக்குப் போகும் பெண்கள் அத்தனை பேரையும் அழைத்து மறுபடி ஒரு கூட்டம் போடுங்கள். சும்மா கேட்டுவிட்டுப் போக வேண்டாம், அவர்கள் பேச்சையும் ஊர் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புருஷன் இல்லாத வீட்டுக்காரிக்கும் அதில் ஒரு பெயர் இருக்கட்டும். அவர்கள் வரி கட்டத் தயார், நான் விசாரித்துவிட்டேன்.

நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் அவர்கள் கடலில் இருப்பார்கள். இடைப்பட்ட நாளில், விளக்கு வைத்த பிறகு வையுங்கள். அக்காவுக்கு முழங்கால் மடங்காது, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமம். அவளை நான் கைபிடித்து அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன். அவளே பேசுவாள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்