உன் சிவப்பு லாரியும் அதன் சில்வர் பூச்சும்

தஞ்சாவூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செந்தில்,

யாழினிக்குச் சளி சரியாகிவிட்டதா? மிளகு ரசம் வைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தேனே, குடித்தாளா?

போன வாரம் பேசும்போது பரண் மேல் இருக்கும் உன் பொம்மை லாரியை யாழினிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டாய். இறக்கிவிட்டோம். 1989இல் மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது வாங்கிவந்த அதே சிவப்பு லாரி. அடியில் 'மேட் இன் தைவான்' என்று மட்டும் இருக்கிறது, கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. சக்கரம் ஓடுகிறது, கதவு திறந்து மூடுகிறது. ஆனால் சில்வராக இருந்த பம்பர், கிரில், வீல் கப், இரண்டு புகைக்குழாய் எல்லாவற்றிலும் பூச்சு பொருக்குப் பொருக்காக உரிகிறது. கையில் எடுத்தால் விரலெல்லாம் ஜிகினா ஒட்டினாற்போல் ஆகிவிடுகிறது. நாலு வயதுக் குழந்தைக்கு அப்படியே அனுப்ப மனசு வரவில்லை. அதனால் பூச்சை எடுத்துவிட்டேன், ஒரே ஒரு பாகத்தைத் தவிர. அதைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மற்றதை எப்படி எடுத்தேன் என்று எழுதுகிறேன்.

அப்பா முதலில் பெயிண்ட் கடையில் கேட்டார். தின்னர் போட்டுத் துடைத்தால் போதும் என்றார்கள். எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் ஒரு வீல் கப்பின் உள்பக்கத்தில் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். பூச்சோடு பிளாஸ்டிக்கும் இளகி, பஞ்சு நூல் அதில் ஒட்டிக்கொண்டது. தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எதையும் இந்த மாதிரி பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதே. பொம்மை செய்யும் பிளாஸ்டிக் வகைகளான பாலிஸ்டைரீனையும் ஏபிஎஸ்ஸையும் அவை கரைத்துவிடும். நல்லவேளை, அந்த வடு உள்பக்கம் போய்விட்டது.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவள், இது என்ன உலோகம் என்று அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? வெள்ளியும் இல்லை, குரோமியமும் இல்லை. பொம்மைகளில் பெரும்பாலும் அலுமினியம்தான். பிளாஸ்டிக்கின் மேல் முதலில் ஒரு வார்னிஷ் அடிப்பார்கள். பிறகு காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு பெரிய கலத்துக்குள் வைத்து, டங்ஸ்டன் கம்பிச் சுருளில் அலுமினியத் துண்டுகளைச் சூடேற்றுவார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகி, வெற்றிடத்தில் ஆவியாகி, பிளாஸ்டிக் மேல் போய்ப் படியும். அதன் மேல் இன்னொரு வார்னிஷ். தங்க நிறத்தில் பொம்மை வருகிறதே, அதுவும் இதே அலுமினியம்தான், மேல் வார்னிஷில் மஞ்சள் சாயம் கலந்திருப்பார்கள். அந்த உலோகப் படலம் தலைமுடித் தடிமனில் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்குதான். மேல் வார்னிஷ் எங்கே தேய்கிறதோ அங்கே அலுமினியமும் போய்விடும்.

அலுமினியம் என்று தெரிந்துவிட்டால் மீதி சுலபம். அது ஈரியல்பு உலோகம், அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அலுமினியப் பாத்திரத்தைச் சலவை சோடாவில் ஊறப்போட்டால் கறுத்துப்போகும் என்று பாட்டி திட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? என் பச்சைப் புடவையின் பிளாஸ்டிக் ஜரிகை சோடா போட்டு அலசியதில் ஒரே நாளில் மங்கிப்போனதும் இதனால்தான். வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் திரவத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட்டோடு கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடும் இருக்கும். அந்தக் காரம் போதும். உங்கள் ஊர்க் கடைகளிலும் இது கிடைக்கும்.

அப்பா திருகாணிகளைக் கழற்றி, அச்சுக் கம்பி, ஸ்பிரிங், டயர் எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்தார். இரும்பு அதில் பட்டால் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டிய பாகத்தையும் போடவில்லை. பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர் கலக்காமல் திரவத்தை ஊற்றி, சில்வர் பாகங்களை மட்டும் முக்கினேன். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருக்க வேண்டும். உலோகப் பாத்திரத்தில் வைத்தால் பாத்திரம் கெட்டுவிடும்.

பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! உரிந்த விளிம்புகளில் முதலில் சின்னச் சின்னக் குமிழி வந்தது. அங்கிருந்து சில்வர் உள்ளே உள்ளே பின்வாங்கிக்கொண்டே போனது. கறுப்பு அடியில் தெரிய ஆரம்பித்தது. தேய்ந்த இடமெல்லாம் பத்து நிமிடம். வார்னிஷ் நன்றாக இருந்த கிரில்லுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இதைக் காட்டியிருக்கலாமே என்று இருந்தது.

நீ அங்கே செய்வதாக இருந்தால் இதை மட்டும் மறக்காதே. ஜன்னலைத் திறந்து வை, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள், யாழினி அந்த அறையில் இருக்கவே கூடாது. கழிவறை கழுவும் ஆசிட்டோ வினிகரோ அதோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா கலந்த கிளீனர் சேர்ந்தாலும் விஷ வாயுதான். அந்த டப்பாவில் வேறு எதையும் ஊற்றாதே, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி ஊற்று. இதில் நான் கண்டிப்பானவள் என்று உனக்குத் தெரியும்.

உலோகம் போன பிறகும் அடி வார்னிஷ் லேசான மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. மெடிக்கலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, அதில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிளீச்சைச் சுத்தமாகக் கழுவித் துடைத்த பிறகுதான் இதைச் செய்தேன், இரண்டும் கலக்கக் கூடாது. வார்னிஷ் தோலாக உரிந்து வந்துவிட்டது. வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தினேன். இப்போது பம்பரும் கிரில்லும் வழவழப்பான கறுப்பு. சிவப்பு லாரிக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. மறுபடி சில்வர் அடிக்க எனக்கு இஷ்டமில்லை, நாளைக்கு அதுவும் உரியும்.

சரி, இப்போது அந்த ஒரு பாகம். வலது பக்கப் புகைக்குழாய்.

மற்ற பாகங்களில் பூச்சு அங்கங்கே திட்டுத் திட்டாகப் போயிருந்தது. இந்தக் குழாயில் அப்படி இல்லை. கீழே ஒரே இடத்தில், முட்டை வடிவத்தில், சின்னதாக, விளிம்பெல்லாம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம் லாரியைத் தரையில் வைத்துத் தள்ளுவதுபோல் பிடித்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் அந்த இடத்தில்தான் போய் நின்றது, ஆனால் என் விரல் பெரிது. கூடத்திலிருந்து கொல்லைவரை நீ முட்டிபோட்டுத் தள்ளிக்கொண்டு போவாயே, அந்த விரல். எத்தனை வருஷம் தள்ளினாய், ஐந்தா ஆறா? டப்பாவின் மேல்வரை கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்துவிட்டேன். என்னால் போட முடியவில்லை.

அதை மட்டும் பஞ்சில் சுற்றி மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். குழந்தை கையில் கொடுக்காதே, இன்னும் உரியும். உனக்கு வேண்டுமென்றால் எடுத்து வைத்துக்கொள், ஒரு பக்கம் குழாய் இல்லாமலேயே அவள் ஓட்டட்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று நினைத்தால் அதே திரவத்தில் பத்து நிமிடம் போதும். எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

அடுத்த மாதம் 12ஆம் தேதி உன் சித்தப்பா மகன் அந்தப் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஸ்பிரே பெயிண்ட் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பம்பருக்கு நிறம் வேண்டும் என்று யாழினி கேட்டால் அங்கேயே வாங்கிக்கொள், பிளாஸ்டிக்குக்கு ஆனதா என்று பார்த்து வாங்கு. திருகாணி ஏழும் தனிப் பொட்டலத்தில் இருக்கிறது. அதில் குட்டையாக இருப்பது முன் கேபினுக்கு அடியில் போடுவது. மற்றதைப் போட்டுவிடாதே, மேலே துளைத்துக்கொண்டு வந்துவிடும் என்று அப்பா சொல்லச் சொன்னார்.

அன்புடன்
அம்மா