மறைவை எழுதினோம், குரலை மறந்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' குழுவின் முன்னணிப் பாடகி சாண்டி டெனி பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வெளியான கட்டுரை, அவர் 1978இல் 31 வயதில் மறைந்த சோகத்தையே பெரிதும் பேசியது. அவர் பாடிய முறைக்கு ஒரு பந்தியேனும் ஒதுக்கியிருக்க வேண்டும். 1969இல் அக்குழு பதிவுசெய்த பழைய மாலுமிப் பாடலொன்று 11 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. தொடக்கத்தில் இறுகிய தாளக்கட்டு இல்லை; குரல் முன்னே நகர, கிட்டாரும் பிடிலும் டிரம்ஸும் அதற்கு வழிவிட்டுப் பின்னால் வருகின்றன.

திருகோணமலைக் கடற்கரை மேடைகளில், மீனவர்கள் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களை றொக் இசையோடு பாடும் இளைஞர்களுக்குத் தேவையான பாடம் இதுதான். அம்பாவில் வேகத்தைத் தீர்மானிப்பது வலையின் பாரம். ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஏற்கும்போதுதான் கயிறு இழுபடும். டிரம்ஸ் ஒரே வேகத்தில் ஓடினால் அந்த மூச்சு அறுந்துபோகிறது. பாடுபவர் கத்தத் தொடங்குகிறார், சொல் கரைகிறது. ஒத்திகையில் குரலை மட்டும் முதலில் பதிவுசெய்து, டிரம்ஸ்காரர் அதைக் கேட்டுப் பழகட்டும். மைக்குக்குப் பஞ்சு உறையும் அவசியம். கடற்காற்றின் இரைச்சல் மெல்லிய குரலை விழுங்கிவிடும். நமது கரைவலைப் பாடகர்களின் பாடும் முறை பற்றியும் தங்கள் ஞாயிறு இதழ் ஒரு தொடர் வெளியிட வேண்டும்.

வாசகர்,
திருகோணமலை