முல்லைத்தீவுக் கோட்டையும் மேஜர் டேவியும்

ஒட்டுசுட்டான்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. கோபிக்காதே, வயல்தான் காரணம். மானாவாரிக் காணியில் புழுதி விதைப்பை முடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விதை நெல்லைக் குருவி பொறுக்க முதல் மழை வரவேண்டும்.

இங்கே வீட்டில் இப்போது, வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற எங்கள் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைப் பற்றிய சண்டை நடக்கிறது. மகளின் பள்ளிக்கூடத்தில் விவாதப் போட்டி. காக்கை வன்னியன் காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால் பண்டாரவன்னியன் வென்றிருப்பானா என்பது தலைப்பு. நீயும் நானும் கற்சிலைமடு நினைவுக்கல்லடியில் இதே கதையைக் கதைத்தது ஞாபகம் இருக்கிறதா? சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, பாசி பிடித்த அந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி வாசித்தோம். 1803 அக்டோபர் 31, இந்த இடத்துக்கு அண்மையில் ஆங்கிலப் படைக் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். அவ்வளவுதான் இருந்தது. வென்றவன் நட்ட கல்லில் காக்கை வன்னியன் எங்கே என்று நீ கேட்டாய். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மகளுக்கு உதவ உட்கார்ந்தபோது எனக்கு வேறொரு யோசனை ஓடியது. நாங்கள் எப்போதும் எங்கள் பக்கத்து ஆளையே மாற்றிப் பார்க்கிறோம். ஏன் வெள்ளைக்காரன் பக்கத்தில் ஒருவரை மாற்றிப் பார்க்கக் கூடாது?

1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்து, அரசுரிமை கேட்டுத் தங்களிடம் வந்த முத்துசாமியை அரசனாக வைத்தார்கள். கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மலைக்குள் போய்விட்டான். பிறகு காய்ச்சல் தொடங்கியது. தளபதி மக்டவலே நோயாளியாகி ஜூனில் இறங்கிவிட, பொறுப்பு மேஜர் டேவியின் தலையில் விழுந்தது. எழுந்து நிற்கமுடியாத நோயாளிகள் மட்டும் நூற்றுக்கு மேல். ஜூன் 24 அன்று மனுஷன் கண்டிப் படையிடம் சரணடைந்தார். நோயாளிகளை விட்டுவிட்டுத் திருகோணமலைக்குப் புறப்பட்டு, வட்டாபுளுவையில் மகாவலிக் கரையில் நின்றுவிட்டார்கள். ஆறு பெருகி ஓடுகிறது, கடக்க வழியில்லை. நம்பி வந்த முத்துசாமியைக் கண்டியாரிடம் கையளித்தார். அப்படியும் படை தப்பவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்ததும் வெட்டிச் சாய்த்தார்கள். டேவி கண்டியில் கைதியாகவே இருந்து செத்தார்.

இப்போது அடுத்த ஆண்டைப் பார். கப்டன் ஜோன்ஸ்டனுக்குக் கிடைத்த கட்டளை குழப்பமாக எழுதப்பட்டிருந்தது. மற்றப் படைகளும் வருகின்றன என்று நம்பி, ஏறக்குறைய 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து நடந்து 1804 அக்டோபரில் கண்டிக்குள் போய்விட்டார். போனால் ஒருவரும் இல்லை! நானாக இருந்தால் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பேன். அவர் சில நாள் பார்த்துவிட்டு, வழியெல்லாம் சுட்டுச் சுட்டு, அதே மகாவலியைக் கடந்து, பெரும்பாலானவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த ஜோன்ஸ்டன் 1803 ஜூனில் டேவியின் இடத்தில் இருந்திருந்தால்? கண்டியைப் பிடித்து வைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, அவரும் விட்டுவிட்டு வந்தவர்தான். ஆனால் படை முழுசாகத் திரும்பியிருக்கும். கண்டியில் வெள்ளைக்காரன் அழிந்துபோனான் என்ற சேதி நாடெல்லாம் பரவியிருக்காது. அந்தச் சேதியின் சூட்டில்தான் வன்னி எழுந்தது என்பது என் எண்ணம். இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்தான். காவல்படை வள்ளமேறி யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. டேவி கெட்டிக்காரனாக இருந்திருந்தால் எங்களுக்கு அந்த ஆகஸ்ட் 25 கிடைத்திருக்குமா? மகள் இதைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்கள் எதிர் அணி" என்றாள்.

பண்டாரவன்னியனைப் பற்றியும் ஒரு குறை சொல்கிறேன், அடிக்க வராதே. மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை வந்தது. அந்த நேரம் கற்சிலைமடுப் பக்கம் நின்றதுதான் பிழை. தேதியைப் பார், அக்டோபர் 31. வழமையான ஆண்டென்றால் இன்னும் இரண்டு மூன்று கிழமையில் வன்னிக் காட்டுப்பாதை எப்படி இருக்கும்? போன மாரியில் என் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வீட்டிலிருந்து அரை மைலில் சில்லு முழுக்கப் புதைந்து, இழுக்க வந்த மற்ற லாண்ட்மாஸ்டரும் புதைந்தது. பீரங்கி வண்டியை யார் இழுப்பது? அதோடு நுளம்பு. எங்கள் ஆச்சி கொயினாக் குளிசையைச் சீலை முந்தானையில் முடிந்து வைத்திருப்பாவே, அந்தக் காய்ச்சல். காட்டுக்குள் இன்னும் கொஞ்ச நாள் அலைந்து திரிந்த தலைவன் ஒருவன் மழையைத் தன் பக்கம் எடுத்திருப்பான். வயல்காரன் கணக்கு இது, சரித்திர ஆசிரியர்கள் சிரிக்கட்டும்.

"அவர் மட்டும் இருந்திருந்தால்" என்று இங்கே வாயைத் திறந்தால் பேச்சு எந்தப் போருக்குத் தாவும் என்று உனக்குத் தெரியும். தேத்தண்ணிக் கடையில் அதற்காகவே எழும்பிப் போனவர்கள் உண்டு. அதனால் நான் 1803-ஐத் தாண்டவில்லை.

போட்டி வெள்ளிக்கிழமை. ஜோன்ஸ்டன் அவள் வாயில் யோன்சன் என்றே வருகிறது, திருத்தாமல் விட்டுவிட்டேன்.

மாசியில் வந்தாயென்றால் அறுவெட்டுக்கு நிற்கலாம். அம்மாவுக்கு அந்த மூட்டுவலி எண்ணெய் கொண்டுவா. போனமுறை தந்தது முடிந்து, வெறும் போத்தலை மணந்துகொண்டிருக்கிறா.

அன்புடன்,
உன் மச்சான்